கழுவிய சட்டி

வலது தோள்மூட்டு காலையிலிருந்தே குத்திக்கொண்டிருந்தது. சீலிங்கில் மட் என்கிற வெள்ளைக் கலவையைப் பூசிக் காயவிட்டுத் தேய்க்கிற வேலை அப்படித்தான். கை தலைக்கு மேலே நிற்க வேண்டும், கழுத்து பின்னுக்கு மடிய வேண்டும், விழுகிற மாவுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். முப்பது வயதில் என்றால் வலி ஒரு பியரோடு போய்விடும். ஐம்பதுக்குப் பிறகு அது போவதில்லை. கையைக் கீழே போட்டால் விரல்கள் மரத்துப்போகும். தூக்கினால் மூட்டுக்குள் ஆணி இறங்கும். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன், அதனால் தூக்கியபடியே நின்றேன்.

மார்க்கம் நகரில் புது வீடு. வீட்டுக்காரன் வெங்கட், தமிழ்நாட்டுப் பொடியன், கொம்பியூட்டர் வேலை. மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க யாருடனோ இங்கிலீசில் கதைத்துக்கொண்டிருப்பான். தாயும் தகப்பனும் ஊரிலிருந்து வந்து நிற்கிறார்கள் என்று பேஸ்மென்ற்றை இரண்டு அறையாகப் பிரித்துக் கேட்டிருந்தான். தாய் அன்னம் சமையலறையை விட்டுக் கீழே இறங்கமாட்டார். தகப்பன் ராஜசேகரன் மேலே தரிக்கமாட்டார். காலையில் ஒரு தேத்தண்ணி, பின்னேரம் ஒரு தேத்தண்ணி, தானே கொண்டுவந்து தந்துவிட்டு, கவிழ்த்து வைத்த மட் வாளியில் குந்திக்கொண்டு நான் வேலை செய்வதைப் பார்ப்பார். பட்டாளத்தில் இருந்தவர் என்பது முதுகைப் பார்த்தாலே தெரியும். வாளியில் இருந்தாலும் அது வளையாது.

முதல் நாளே ஊர் கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். "ம்" என்றார். வழக்கமாகத் தமிழ்நாட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு நிறையக் கேட்பார்கள். இவர் கேட்கவில்லை.

"மாஸ்க்கைப் போடுங்க தம்பி. அந்தத் தூசி நெஞ்சுல போய் உக்காந்துரும்."

"போட்டாக் கண்ணாடி புகைக்குது அண்ணை."

"கண்ணாடியைத் தொடைச்சுக்கலாம். நெஞ்சை எடுத்துத் தொடைப்பீங்களா?"

ஒவ்வொரு நாளும் இதைச் சொல்வார். தாய் பிள்ளைக்குச் சொல்வதுபோல அல்ல. காவலுக்கு நிற்கிறவன் சொல்வதுபோல.

மூன்றாம் நாள் புதன்கிழமை. காலைத் தேத்தண்ணியோடு அவர் படியிறங்கி வரும்போது நான் போனில் இருந்தேன். அண்ணனின் மகள் சுபாங்கி. பிரியந்தனோடு அவளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது.

"சித்தப்பா, கார்ட் அடிக்கிற ஆள் கோல் பண்ணிட்டார். இண்டைக்கு ஓகே சொல்லாட்டி லேட்டாகுமாம். அப்பான்ர பேருக்கு முன்னால என்ன போடுறது?"

"கொம்மா என்ன சொல்லுறா?"

"அம்மா சும்மா பேரைப் போடட்டாம். பிரியந்தன்ர அம்மா கேக்கிறா, அப்பா இருக்கிறாரோ இல்லையோ எண்டு. நான் என்ன சொல்ல? ஐ டோன்ட் நோ, சித்தப்பா."

"பின்னேரம் வாறன். பொறு."

எங்கள் கலியாணக் கார்டில் உயிரோடு இருக்கிறவருக்குப் பெயர் மட்டும். செத்தவருக்குக் 'காலஞ்சென்ற' என்று முன்னால் போடுவோம். என் அண்ணன் இராஜரட்ணத்துக்குப் போட இந்த இரண்டுக்கும் நடுவில் சொல் இல்லை. 'காலஞ்சென்ற' போட்டால் அவரின் மனைவி இராஜேஸ்வரி, என் மச்சாள், பொட்டை அழிக்க வேண்டும். பிள்ளையைத் தாரைவார்க்க வேறு ஒரு புருசன் பெண்சாதியை மணவறைக்கு ஏற்ற வேண்டும். மச்சாள் சபையில் பின்வரிசையில் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று சொல்லலாம். மச்சாள் பார்ப்பார். பெயரை மட்டும் போட்டால் மச்சாள் மணவறையில் நிற்பார். அதுதான் கேள்வி. வேறு ஒன்றும் இல்லை.

அண்ணனைக் கொண்டுபோகும்போது எனக்குப் பதினாலு வயது. எண்பத்தேழு. இரண்டு அரசாங்கமும் கைகுலுக்கி ஒப்பந்தம் எழுதி, இயக்கத்தின் ஆயுதத்தைக் களைய இந்தியன் ஆமி வந்திறங்கிய வருடம். முதலில் நாங்கள் மாலை போட்டோம். ஐப்பசியில் சண்டை தொடங்கிவிட்டது. அண்ணன் பங்கீட்டு அரிசி கொடுக்கிற சங்கக்கடையில் மனேச்சர். இயக்கத்துக்கு அரிசி கொடுத்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரிசி கேட்டு வந்த எல்லோருக்கும் கொடுத்தவர்தான். ஒரு விடியற்காலை ஊரை வளைத்து, தலையில் சாக்குப் போட்ட ஒருவன் தலையை ஆட்ட, அண்ணனை ஏற்றிக்கொண்டு போனார்கள். சந்தியில் இருந்த சீமெந்துக் கடையில்தான் காம்ப். அண்ணன் மூச்சிழுப்புக்காரர். மருந்துப் புட்டியைக்கூட எடுக்க விடவில்லை.

மச்சாள் வயிற்றில் சுபாங்கியோடு ஒவ்வொரு மத்தியானமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு நடந்தார். வாசலில் தமிழ் தெரிந்த ஒரு ஆமிக்காரன் வாங்கி வைப்பான். அடுத்த நாள் வெறுஞ்சட்டி திரும்பி வரும், உள்ளே காய்ந்த பருக்கையோடு. ஆளைப் பார்க்க விடமாட்டார்கள். கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள் வந்த சட்டி பளிச்சென்று கழுவியிருந்தது. மச்சாள் அதைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். "கழுவ அவரைக் கிணத்தடிக்கு விட்டிருக்கினம். இனி விட்டுடுவினம், பாருங்கோ." அந்த மாதங்களில் அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சட்டி கழுவித்தான் வந்தது.

பொங்கலுக்குப் பிறகு அந்த ஆட்கள் மாறிப் புதிதாக வந்தவர்கள், இங்கே அப்படி ஒருவர் இல்லை, சிலோன் ஆமியிடம் கொடுத்தாயிற்று என்றார்கள். சிலோன் ஆமி, எங்களிடம் தரவில்லை, பிடித்தவனைக் கேள் என்றது. பிடித்தவன் இரண்டு வருடத்தில் கப்பலேறிப் போய்விட்டான். இரண்டு ஆமி சேர்ந்து ஒரு வேலை செய்தால் அதில் ஒரு வசதி இருக்கிறது. கேட்கப் போகிறவனுக்கு மற்றவனின் வாசலைக் காட்டலாம்.

பிறகு ஏஜென்சி பிடித்து வெளிநாடு வந்து, பார்க்டேலில் ஒரு அறையில் மச்சாள், சுபாங்கி, நான் என்று மூன்று பேர், அங்கிருந்து ஸ்காபரோ. எங்கே போனாலும் யார் கேட்டாலும் மச்சாளிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. சட்டி கழுவி வந்தது. செத்த மனிசன் சட்டி கழுவுவானா?

போனை வைத்துவிட்டுத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்து, திரும்ப ஏணியில் ஏறினேன். மாஸ்க் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போடுங்க தம்பி," என்றார் ராஜசேகரன். "வெளையாட்டுக்குச் சொல்லல. தூசியில ஒருத்தர் போறதை நான் கண்ணால பாத்திருக்கேன்."

"எங்க அண்ணை? ஊரிலயோ?"

"உங்க ஊர்ல."

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எம்பத்தேழுல வந்தோம். பையனுக்குப் பிடிக்காது, இதெல்லாம் இங்க பேசாதீங்கப்பான்னு சொல்லிட்டான். உங்ககிட்டச் சொன்னா நீங்க வேலையைப் போட்டுட்டுப் போயிருவீங்கன்னு பயம் அவனுக்கு."

"நான் ஏன் போறன்? அட்வான்ஸ் வாங்கிட்டன்."

அவர் சிரித்தார். சிரித்ததும் கதை வந்தது.

"எங்க கூட்டத்துல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். அதனால கேட்ல நிக்கிறது எப்பவும் நான்தான். ஒரு சிமெண்ட் கடையில கேம்ப். பக்கத்துல பிள்ளையார் கோயில், படிக்கட்டு வெச்ச கொளம். ஆளுங்களை மூட்டை வெச்சிருந்த ரூம்லதான் போட்டிருந்தாங்க. நடந்தாலே தூசி எழும்பும். அதுல ஒருத்தருக்கு மூச்சு எளைக்கும். ரேஷன் கடைக்காரர்னு சொன்னாங்க. டாக்டரைக் கூப்பிடுங்கன்னு எங்க ஆபீசர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். நாளைக்கு லாரி வருது, பலாலி பெரிய கேம்ப்ல பாத்துக்குவாங்கன்னார்."

நான் மூலையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூலை கவனமாகத் தேய்க்க வேண்டிய இடம்.

"அவர் சம்சாரம் தெனம் சாப்பாடு கொண்டாரும். வயித்துப் பிள்ளைக்காரி. கத்தரிக்காயில தேங்காப்பால் ஊத்தி ஒண்ணு செய்வாங்க பாருங்க. எங்களுக்கு எப்பவும் சப்பாத்தி, உருளைக்கெழங்கு. வாசனை வந்தா வடக்கத்திப் பசங்ககூட எட்டிப் பாப்பானுங்க." அவர் கையில் இருந்த வெறுங் கோப்பையைத் திருப்பிப் பார்த்தார். "ஒருநாள் சாயங்காலம் ஊர்ல எல்லா வீட்டு வாசல்லயும் வெளக்கு. எங்க ஆபீசர் வடக்கத்திக்காரர். சிக்னல் குடுக்கறாங்கன்னு துப்பாக்கியை எடுக்கச் சொல்லிட்டார். சார், இது கார்த்திகை, எங்க ஊர்லயும் வெப்போம்னு நான் கத்தினேன். எல்லாரும் வெளிய ஓடி நின்னோம். திரும்பி உள்ள வந்து பாத்தா அவர் முடிஞ்சிருந்தார்."

மேலே வெங்கட் யாருக்கோ இங்கிலீசில் சிரித்தான்.

"மத்தியானம் வந்த சாப்பாடு அப்படியே இருந்துச்சு. கொட்ட மனசு வரல. நாலு பேரு தின்னோம். காலையில லாரி வந்துச்சு. ஆளுங்களை வாங்கிக்கிட்டுப் போக அந்த நாட்டு ஆர்மி ஆபீசர் ஒருத்தர், எங்க ஆபீசர் ஒருத்தர். பேப்பர்ல ஏழு பேரு. ஏறினது ஆறு. ஏழுன்னே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தருக்கொருத்தர் சிகரெட் பத்த வெச்சாங்க. அவரை அந்தக் கொளத்துக்குப் பின்னால பனமரத்தடியில நாங்களே பொதைச்சிட்டோம்."

"பெண்சாதிக்குச் சொல்லேல்லையோ?"

"சொல்லக் கூடாதுன்னு ஆர்டர். மத்தியானம் அந்தம்மா வந்து நிக்கிது, கையில புது சாப்பாடு. வாங்கலைன்னா புரிஞ்சிரும். அதனால வாங்கினேன். பழைய தூக்கைக் குடுத்தேன். மறுநாளும் வாங்கினேன். நாங்க எடம் மாறுற வரைக்கும் வாங்கினேன்."

"சட்டியைக் கழுவிக் குடுத்தனீங்களோ?"

"பின்ன? தின்னுட்டு அப்படியே குடுக்கறதா? ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவாமக் குடுத்தா எங்கம்மா செருப்பால அடிக்கும்."

ஏணியில் இருந்து இறங்கினேன். இறங்கினது தோளுக்காகத்தான். கை விறைத்துவிட்டது.

"அந்தச் சட்டிக்கு மூடி என்ன மூடி?"

"மூடி தொலைஞ்சிருச்சு போல. கொட்டாங்குச்சியை நல்லா வழவழன்னு செதுக்கி..." நிறுத்தினார். வாளியில் இருந்தபடி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உடைஞ்ச போத்தல் ஓட்டாலை அந்தச் சிரட்டையைச் சுரண்டினது நான்தான்."

அவர் எழும்பவில்லை. கோப்பையை நிலத்தில் வைத்தார், பிறகு எடுத்தார், பிறகும் வைத்தார். முதுகு அப்போதுதான் கொஞ்சம் வளைந்தது. எனக்கு ஏதாவது வரவேண்டும் என்று நின்று பார்த்தேன். அழுகை, கோபம், என்னவென்றாலும். தோள்தான் நொந்தது.

"அந்தம்மா இருக்காங்களா?"

"ஸ்காபரோவில இருக்கிறா."

"வயித்துல இருந்தது?"

"தை மாசம் கலியாணம்."

"நான் ஒரு தடவை வந்து..."

"வேண்டாம்."

மேலிருந்து அன்னம் கூப்பிட்டார். "என்னங்க, மாத்திரை போடணும், வாங்க." அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நான் மாஸ்க்கை ஏற்றிப் போட்டுக்கொண்டு அந்த மூலையை முடித்தேன்.

பின்னேரம் மச்சாளின் அப்பார்ட்மென்ற்றுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை வாசலிலேயே மறித்தார்.

"அங்கையே நிண்டு உதறிப்போட்டு வா. உந்தக் கோலத்தில சம்பந்தி வீட்டார் கண்டா, பேயைக் காட்டிப் பொம்பிளை தரப் பாக்கினம் எண்டு ஓடிடுவினம்."

சுபாங்கி சோபாவில் போனோடு இருந்தாள். திரையில் கார்ட். மச்சாள் கதைத்தபடியே அறைக்குள் போய் ஒரு சாறியைக் கொண்டுவந்து விரித்தார். அரக்குச் சிவப்பு, பொன்னிறக் கரை.

"மணவறைக்கு. கிழவிக்கு உந்தக் கலர் எடுக்குமோ எண்டு கடைக்காரி முகத்தைச் சுழிக்கிறாள். என்ர காசு, என்ர உடம்பு, உனக்கென்னடி எண்டு கேட்டுட்டு வந்திட்டன். எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு மச்சாள்."

"சாப்பிடு. கத்தரிக்காய் பால்கறி வைச்சனான்."

பசித்தது. சாப்பிட்டேன். சோற்றைப் பிசையும்போது கேட்டேன்.

"மச்சாள், அந்தச் சட்டி கழுவி வந்தது விளக்கீட்டண்டோ, அடுத்த நாளோ?"

"அடுத்த நாள். ஏன் இப்ப கேக்கிறாய்?"

"சும்மா. கார்ட் கதை வந்தது, நினைச்சன்."

"உன்ர அண்ணர், வீட்டில ஒருநாள் ஒரு சோத்துக் கோப்பை கழுவினவரோ? தின்ன இடத்திலையே கை காயும். ஆமிக்காரன் பழக்கினதை நான் பழக்கேல்லை, பாத்தியே." சிரித்தார். பொட்டு, நெற்றியின் சுருக்கத்துக்குள் கொஞ்சம் மடிந்தது. "வரட்டும். வந்தா வீட்டுக் கோப்பை எல்லாம் அவர்தான்."

சுபாங்கி போனை என் பக்கம் திருப்பினாள். "சித்தப்பா, டிசைட் பண்ணுங்கோ. அம்மாவுக்கு நீங்கள் சொன்னாத்தான் சரி. உண்மையா எது சரியோ அதைப் போடுவம்."

மச்சாள் சாறியை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு பிசகாமல் விரலால் அழுத்தி அழுத்தி.

"பேரை மட்டும் போடு," என்றேன்.

"ஷுவர்?"

"ஓம்."

அவள் அந்த இடத்திலேயே கார்ட்காரருக்கு அனுப்பினாள். எழும்பிப்போய் என் சோற்றுக் கோப்பையை நானே கழுவி வைத்தேன். மச்சாள் குசினி வாசலில் நின்று வாயைப் பிளந்தார். "இதென்ன புதினம்? உனக்கும் ஆமிக்காரன் பழக்கிப்போட்டானோ?"

வியாழக்கிழமை காலையில் தேத்தண்ணி படியில் வைத்திருந்தது. ராஜசேகரன் கீழே வரவில்லை. பின்னேரம் நான் சாமான்களைக் கட்டும்போதுதான் இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் எவர்சில்வர் தூக்கு.

"அன்னம் செஞ்சது. கத்தரிக்காய் கொழம்பும் சோறும். தேங்காப்பால் ஊத்தச் சொன்னேன், அவளுக்கு அது வரல." என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "அந்தம்மாகிட்டக் குடுத்திருங்க. யார் குடுத்தான்னு சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

வாங்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் கை நீட்டியபடி நின்றது. வாங்கினேன்.

மச்சாளின் கட்டடத்துக்குத் திரும்புகிற சிக்னலில் பச்சை விழுந்தது. நான் திரும்பவில்லை. நேரே போய் ஒரு கோப்பிக் கடையின் பார்க்கிங்கில், சாமான் ஏற்றுகிற என் வானை நிறுத்தினேன். கொண்டுபோய் என்ன சொல்வது? யார் தந்தது என்று கேட்பார். ஏன் என்று கேட்பார். மச்சாள் கேட்கத் தொடங்கினால் அடி வரைக்கும் கேட்பார். கொட்டலாம். சோற்றைக் கொட்டுவது எங்கள் வீட்டிலும் பழக்கமில்லை. மத்தியானம் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வானின் பின்னால் இருந்து கரண்டி ஒன்றைத் தேடி எடுத்தேன். புளி கொஞ்சம் கூட. மற்றப்படி நன்றாகத்தான் இருந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

வீட்டுக்கு வந்து சட்டியைக் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பூச்சும் காய்ந்துவிட்டது. வெங்கட் இறங்கி வந்து சுவரைத் தடவிப் பார்த்து, "சூப்பர் அண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்கு ஓடினான். ராஜசேகரன் வாளிக்குப் பக்கத்தில் நின்றார். துணிப்பையைக் கொடுத்தேன். தூக்கை வெளியே எடுத்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அடியை ஒரு விரலால் தொட்டார்.

"சாப்ட்டாங்களா?"

"ஓம்."

"என்ன சொன்னாங்க?"

"புளி கொஞ்சம் கூட எண்டு சொன்னவ."

தலையை ஆட்டினார். மூடியை மூடினார். அந்த வாசலில் நின்றவர் அவர். கழுவிய சட்டி என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? ஆனால் யார் தின்றது என்று அவர் கேட்கவில்லை. என்னையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாளைக்கும் ஏதாச்சும் குடுத்தனுப்பட்டுமா?"

"வேலை முடிஞ்சுது," என்றேன். அண்ணை என்று சேர்த்துச் சொல்ல வாய் வரவில்லை. புதன்கிழமைக்குப் பிறகு வரவில்லை.

ஏணியையும் வாளியையும் வானில் ஏற்றினேன். வெளியே முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. கார்த்திகை பிறக்கப்போகிறது. அண்ணனின் திதி இப்போது எனக்குத் தெரியும், கார்த்திகைப் பூரணை. ஆண்பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதான் திவசம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஐயருக்குத் தெரியும், ஐயருக்குத் தெரிந்தால் மச்சாளுக்குத் தெரியும், தெரிந்தால் அந்தச் சிவப்புச் சாறி பெட்டிக்குள் கிடக்கும். இந்த விளக்கீட்டுக்கும் நான் கொடுக்கப்போவதில்லை.

அண்ணன் இராஜரட்ணத்துக்கு நான் ஒரு திவசம் கடன்பட்டிருக்கிறேன்.